தாடையின் கீழ்க்கரை

ஈரம் சொட்டும் எக்ஸ்ரே படத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பற்களை விட்டுவிட்டுத் தாடையின் கீழ்க்கரையைத்தான் ஹபீபுன்னிசா முதலில் பார்ப்பார். அங்கே வெள்ளைக் கோடு தடிமனாக ஓடினால் முகம் மலரும். மெலிந்து, அரித்துப்போய் இருந்தால், பல்வலியோடு வந்த பெண்மணியிடம் சம்பந்தமே இல்லாமல் கேட்பார்: "ஏனுங்க, எங்கயாச்சும் உளுந்துபோட்டீங்களா?"

துடியலூரில் ஒரு மாடிப் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். கோட்டைமேட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வயதான பெண்களுக்குத் தாடைக்கரை மெலிந்தால் மற்ற எலும்புகளும் மெலிந்திருக்கலாம் என்று டாக்டர் எப்போதோ ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்துச் சொன்னாராம். சொன்னவர் மறந்துவிட்டார், இவர் பிடித்துக்கொண்டார்.

ஹபீபுன்னிசாவின் மேஜை இழுப்பறையில் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறுகள் கிடந்தன. இவருக்கு எதற்கு இதெல்லாம்? கேட்டேவிட்டேன்.

"தாலிக்கொடியோட எடுத்தா நெழலு கரை மேலயே உளுந்துருமுங்க. சும்மா கழட்டுங்கன்னா கழட்டுவாங்களா? இதக் கட்டிக்கிட்டுக் கொடியக் கழட்டுவாங்க. மஞ்சக்கயித்துக்கு நெழலு இல்லீங்க."

நான் கடைவாய்ப் பல்வலியோடு பெஞ்சில் காத்திருந்த அன்று, பல்லடத்திலிருந்து ராசம்மாள் பல்செட் வைக்க வந்திருந்தார். கொடியைச் சேலைக்குள் மறைத்தபடியே படமெடுத்துக்கொண்டார். பல் தெளிவாக விழுந்திருக்கிறது, போதுமே என்றார் டாக்டர். "உங்களுக்குப் போதுமுங்க, எனக்குப் பத்தாது," என்று ஹபீபுன்னிசா கயிற்றைக் கொடுத்து, இன்னொரு படம் எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். பிடிவாதக்காரி!

இரண்டாவது படத்தில் கரை நூலாக இருந்தது. விசாரித்ததில், ராசம்மாளுக்குப் போன ஆடியில் கோழிப்பண்ணையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்ததாம். டாக்டர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு எலும்பு டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

"இன்னொருக்கா உளுந்து இடுப்பு ஒடஞ்சா படுக்கைதானுங்க," என்றார் ஹபீபுன்னிசா.

"பேத்திக்குச் சீரு வெச்சிருக்குது, அது முடியட்டும் அம்மணி. பல்லுக்கு வந்தவள எலும்புக்கு இழுக்கறீங்களே!" ராசம்மாள் சீட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

மாடிப்படி வேறு செங்குத்து.

ஹபீபுன்னிசா சீட்டை எடுத்து இடுப்பில் செருகினார். விறுவிறுவென்று போய், வாசலில் கிடந்த ராசம்மாளின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டார்.

"அய்யோ, செருப்பப் போயித் தொடறீங்களே! கீழ போடுங்க கண்ணு!"

"எலும்பு டாக்டரு அடுத்த தெருவுலதானுங்க. அங்க வந்து போட்டுக்குங்க."

செருப்பை ஒரு கையிலும் ராசம்மாளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.