மதகு வைத்த கடல்

ஏரிக் களிமண்ணும் சொட்டு நீலமும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். மூடிய அறையில் ஈரத்துணியைப் போட்டுவைத்தது போன்ற அந்த வாடைதான், எட்டாம் வகுப்பு படித்தபோது நானும் ஸ்டெல்லாவும் வகுப்பறையின் பின்பக்கத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டிய கடலின் வாடை.

உத்திரமேரூரில் நாங்கள் படித்த பள்ளியில் கண்காட்சி வைப்பதாக இருந்தது. யார் எதைச் செய்வது என்று சமூக அறிவியல் சார் சீட்டு எழுதிக் குலுக்கினார். மற்றவர்களுக்கு எரிமலையும் அணைக்கட்டும் வந்தன. எங்களுக்கு வந்தது, இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகள் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் இறங்கிய காட்சி. நூலகப் புத்தகம் ஒன்றில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கலான படம் இருந்தது. அதற்கு மேல் எங்களுக்கு எந்த விவரமும் தெரியாது.

நாங்கள் இருவரும் காவாந்தண்டலத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். நான் ஊரில் இருந்தேன், அவள் காலனியில் இருந்தாள். செய்யாற்று மணலைச் சலித்துக் கரை அமைத்தோம். களிமண் சிப்பாய்கள் வெயிலில் வெடித்தபோது, அடுப்புக்குப் பிசைவதுபோல் உமி சேர்த்துப் பிசைந்ததும் வெடிப்பு நின்றது. ஒவ்வொரு சிப்பாயின் காலிலும் ஒரு தென்னங்குச்சியைச் சொருகி மணலில் நட்டோம். தீப்பெட்டியின் உள்பெட்டியில் ஒரு பக்கச் சுவரை மட்டும் மூலையில் வெட்டி மடக்கினால் கதவு விழுகிற படகாகிவிடும். அதைக் கண்டுபிடித்தது ஸ்டெல்லா. அந்தக் கதவு விழுந்ததும் சிப்பாய்கள் இறங்கி ஓடவேண்டும் என்று அவளுக்குப் படத்தைப் பார்த்தே புரிந்திருந்தது.

இருவரும் கடலைப் பார்த்ததில்லை. பெரிய தண்ணீர் என்று நாங்கள் பார்த்ததெல்லாம் உத்திரமேரூர் ஏரிதான். அதனால் மணல் முடிகிற இடத்தில் உயரமாக ஒரு கரை எழுப்பி, அதன்மேல் பனைமரங்களை நட்டு, நடுவில் தண்ணீர் திறந்துவிட ஒரு மதகும் வைத்தோம். வந்து பார்த்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? கடலுக்கு ஏது மதகு?"

"கரை இல்லன்னா தண்ணி ஊருக்குள்ள பூந்துடாதா சார்?" என்றாள் ஸ்டெல்லா.

அவர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு சிப்பாயைக் குனிந்து பார்த்தார். "வெள்ளைக்காரனுக்கு இம்மாம் பெரிய மீசையா? சரி, இருக்கட்டும்."

அந்த மீசைச் சிப்பாய் ஸ்டெல்லாவின் அப்பா; நைனா என்பாள். அதை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவர் ராணுவத்தில் லாரி ஓட்டினார். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் மளிகைக்கடைப் போனுக்கு அவர் கூப்பிடுவார். கடைக்காரர் காலனிக்குச் சைக்கிளில் ஆளனுப்புவார். பள்ளி திறந்ததிலிருந்து அந்தப் போன் வரவில்லை. அவள் அம்மா மரியம்மாள் ஞாயிறுதோறும் மாதா கோயிலிலிருந்து நேரே கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் நின்றுவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

கண்காட்சி நெருங்கிய ஒரு மாலையில் சார் எங்கள் கடலைச் சுற்றி வந்து, ஏதோ குறைகிறது என்பதுபோல் நின்றார்.

"ஒருத்தன்கூட விழலியே. அன்னிக்கு அந்த மணல்ல எத்தினி பேர் செத்தாங்க தெரியுமா? இது போரா, தேர்த் திருவிழாவா?" என்றவர், குச்சியைப் பிடுங்கிச் சிலரை மணலில் படுக்க வைத்தார். கையில் அகப்பட்டவர்களை எடுத்தார், மீசைக்காரரும் அகப்பட்டார்.

சார் தலை மறைந்ததும் ஸ்டெல்லா எல்லோரையும் நிமிர்த்தி நட்டாள். மறுநாள் அவர் மறுபடி படுக்க வைத்தார். அவர் கோபப்படவில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் புரியவில்லை என்றே நினைத்தார். நான் சாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொன்னேன்னு வெச்சிக்க, உன்கூடப் பேசவே மாட்டேன். சொல்லி, அவரு ஐயோ பாவம்னுட்டா? அப்புறம் நெஜமாவே இன்னாமோ ஆயிட்ட மாதிரி இருக்கும்டி."

கண்காட்சியன்று கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. காலையிலேயே சார் சிப்பாய்களைப் படுக்க வைத்து, சிவப்பு மையும் தெளித்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நிமிர்த்த வழியில்லை. ஸ்டெல்லா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தபடி மீசைக்காரரைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அதிகாரிக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் மரியம்மாள். நடவிலிருந்து பாதியில் வந்திருந்தார். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. கரையையும் பனைமரங்களையும் பார்த்து, "நம்ம ஏரியாட்டமே கீதுடி" என்றவர், மணலுக்குக் கண்ணை இறக்கினார்.

"இவங்கல்லாம் இன்னாத்துக்குப் படுத்துக்கினு கீறாங்க?"

"செத்துட்டாங்கம்மா. போர்ல," என்றார் சார், விளக்கும் குரலில்.

மரியம்மாள் மீசைக்காரரை எடுத்தார். யார் என்று மகளைக் கேட்கவில்லை. முகத்தில் ஒட்டிய மணலை ஊதினார்; முந்தானையால் மையைத் துடைத்தார்; கீழே கிடந்த குச்சியைத் தேடிக் காலில் சொருகினார். மணலில் நடாமல், கரையைத் தாண்டி மதகுக்கு இந்தப் பக்கம், ஊர் என்று நாங்கள் வைக்கோல் ஒட்டியிருந்த இடத்தில் அவரை நிற்கவைத்தார்.

"எங்க வூட்டுக்காரும் மிலிட்டரில கீறாரு சார். வடக்க. போனே வர்ல." சொல்லிவிட்டு, "நான் போறேன்டி, பாதி நடவு கீது" என்று போய்விட்டார்.

 சார் கைக்குட்டையை எடுத்து, விழுந்துகிடந்தவர்களை ஒவ்வொருவராகத் துடைத்து நட்டார். அவருக்கு அது சரியாக வரவில்லை, சிலர் சாய்ந்தார்கள். ஸ்டெல்லா நிமிர்த்தினாள். அதிகாரி வந்தபோது மூவரும் நடுவதை முடித்துவிட்டிருந்தோம்.

"என்ன சார், போர்னு எழுதியிருக்கு, ஒருத்தருக்கும் காயமே இல்லையே?" என்றார் அதிகாரி.

"இது படகிலேர்ந்து இறங்குற நேரம் சார்," என்றார் எங்கள் சார். "இன்னும் சண்டை ஆரம்பிக்கல."

அதிகாரியின் பார்வை மதகில் நின்றது. சார் அவரை அடுத்திருந்த எரிமலைக்கு அழைத்துப்போனார். பரிசு எரிமலைக்குப் போனது. அடுத்த வாரம் பெஞ்சுகள் தேவைப்பட்டதால் கடலைக் கலைத்து மைதானத்தில் கொட்டினோம்.

நைனா மழைக்காலத்தில் வந்தார், இடது காலில் இரண்டு விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு.

இப்போது அந்த வகுப்பறை இருந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம் இருக்கிறது. கண்காட்சி மாதிரிகள் ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோலில் தயாராகக் கிடைக்கின்றன. கடலும் கிடைக்கிறது, கரையில்லாமல், சரியாக. மளிகைக்கடையில் அந்தப் போன் இல்லை, மரியம்மாளும் இல்லை. ஸ்டெல்லா செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கிறாள்.

சென்ற ஆண்டு சார் இறந்துபோனார். அவர் தெருவில் பாடையைத் தூக்கியவர்கள் முனையில் தோள் மாற்ற நின்றபோது, ஸ்டெல்லாவின் நைனா கூட்டத்திலிருந்து முன்னே வந்தார். காலனிக்காரர் பாடைக்குத் தோள் கொடுப்பது அந்தத் தெருவில் வழக்கமில்லை. உறவுக்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "நீ யாருப்பா? வாத்தியாரு உனக்கு இன்னா வேணும்?"

"நான் இருக்கேனா இல்லியான்னு எங்க வூட்டுக்கே தெரியாத நாள்ல, என்னை மறுபடி படுக்க வெக்காம நிக்க வுட்ட மனுசன்."

களிமண் சிப்பாயின் கதையை ஸ்டெல்லா அவரிடம் சொல்லியிருந்தாள்; கேட்டவருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. சாரின் மகன் சற்று விலகி இடம் விட்டார். நைனா தோள் கொடுத்தார். இடது காலை இழுத்து நடக்கிறவர் என்பதால், மற்ற மூவரும் சுடுகாடு வரைக்கும் தங்கள் நடையை அவர் நடைக்குக் குறைத்துக்கொண்டார்கள்.