மைதாப் பசையின் கீழே இருந்த செய்தி

நான் வேலை பார்த்த ஆய்வு மையம் பெங்களூரு கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. நம் நாட்டைச் சுற்றியுள்ள நாடுகளோடு நமக்கு என்ன உறவு, கடலிலும் எல்லையிலும் என்ன ஆபத்து என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் கூடிப் பேசுகிற இடம். அவர்கள் பேசுவதற்கு வேண்டிய பத்திரிகைச் செய்திகளை வெட்டி, தாளில் ஒட்டி, தேதி முத்திரை குத்தி, நாடுவாரியாகக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. தமிழ் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதனால் மதுரைப் பதிப்பு தபாலில் ஒரு நாள் தாமதமாக என் மேசைக்கு வரும். ராமேஸ்வரம் கரையோரச் செய்திகளும் படகில் வந்திறங்கும் அகதிகளின் பெயர்களும் அதில்தான் இருக்கும். பெங்களூருவில் கிடைக்கிற பதிப்பில் இருக்காது.

வெட்டுவதற்கு ஒரு விதி வைத்திருந்தேன். கத்தரியை எடுக்கும் முன் தாளைத் திருப்பிப் படித்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத்திலும் தேவையான செய்தி இருந்தால், முதலில் ஜெராக்ஸ். எங்களுக்கு வருவது ஒரே பிரதி. ஒரு பக்கத்தை ஒட்டினால் மறுபக்கம் பசைக்குள் போய்விடும். பத்தொன்பது வருடத்தில் இந்த விதியை ஒரு முறைதான் மீறினேன்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். கீழே, படிக்கட்டை ஒட்டிய அறையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். என் வயதுதான் இருக்கும். ரவிக்கை தைத்துப் பிழைத்தார். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு இலங்கைக்காரர் என்றாலே வீடு கொடுக்கப் பயந்த ஊரில், மூன்று இடம் மாறி இங்கே வந்தவர். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அவர் படகேறியபோது கணவர் தன் தாயைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார். பிறகு அந்த ஊரே காலியானது. எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. இவர் பெங்களூருவில் இருப்பது அவருக்குத் தெரியாது.

என் வேலை என்ன என்று தெரிந்த நாளிலிருந்து மாலை ஆறேகாலுக்கு நான் படியேறும்போது கதவு திறந்திருக்கும். தையல் மெஷின் நிற்கும்.

"அண்ணை, இண்டைக்கு ஏதும் போட்டிருக்கிறாங்களோ?"

"ரெண்டு படகு வந்திருக்குதுங்க. பேரெல்லாம் பார்த்தேன். நம்ம ஆள் இல்லை."

"ஓம். நாளைக்குப் பார்ப்பம்."

அவ்வளவுதான். மெஷின் மறுபடி ஓடும். நாள் முழுக்க அலுவலகத்தைச் சேராத ஒருவரோடு நான் பேசுவது அந்தப் பேச்சு மட்டும்தான். பிரம்மச்சாரியின் அறையில் வேறு யார் பேசுவார்கள்? என் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் கடைசி வரி "6.15. இல்லை என்று சொன்னேன்" என்று இருக்கிறது.

வடக்கு எல்லையில் சண்டை நடந்த கோடையில் மையம் தலைகீழாகிவிட்டது. காலை முதல் மாலை வரை வடக்குச் செய்திதான். கீழறை அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

"எங்கட கடல் வத்திப் போச்சுதாக்கும்," என்று சிரித்தார். "உங்கட பேப்பரிலை மந்திரிமார் மட்டும்தான் வருவினமோ, மனுசரும் வருவினமோ?"

ஐந்து மாதம் கழிந்தது. அண்டை நாடுகளுடனான நல்லுறவு பற்றி மந்திரி ஒருவர் சொன்ன செய்தியை, ஒரு கூட்டத்துக்காகப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். அந்தக் கோடையில் நான் ஒட்டியது. பிரதியில் மந்திரியின் வாக்கியங்களுக்கு நடுவே பின்பக்க எழுத்துகள் நிழல்போல விழுந்திருந்தன. கசக்கிப் போடப் போனவன், அவை என்ன என்று பார்க்கத் தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இடவலம் மாறாமல் நேராகத் தெரிந்த முதல் சொல் ஓர் ஊர்ப் பெயர். அந்த அம்மாவின் ஊர்.

மதிய உணவு வேளையில் மூலத்தாளை என் சாப்பாட்டுத் தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எங்களுடையது மைதாப் பசை, ஊறினால் விடும். கால் மணி நேரத்தில் செய்தி முழுசாகப் பிரிந்து வந்தது. பதினோரு பேர் படகில் வந்து இறங்கினார்கள். விசாரணைக்குப் பின் அகதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏழாவது பெயர் அவர் கணவருடையது. வயது சரி, ஊர் சரி. ஒட்டிய அன்று ஜெராக்ஸ் மெஷின் பழுது. மறுபக்கத்தில் கொட்டை எழுத்துத் தலைப்பு இல்லாததால் நான் திருப்பிப் பார்த்தும் படிக்கவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. அன்று மாலை படியேறும்போது அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"இல்லைங்க," என்றேன்.

புதனும் அதையே சொன்னேன். வியாழனும். தாள் காய வேண்டும், மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று நாட்குறிப்பில் காரணம் எழுதியிருக்கிறேன். தாள் செவ்வாய் மாலையே காய்ந்துவிட்டது. சொன்னால் அவர் போய்விடுவார். அதை மட்டும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை துண்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்பதற்கு முன்பே நீட்டினேன். நின்றபடியே படித்தார். ஏழாவது பெயரில் விரல் நின்றது. பிறகு ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"அஞ்சு மாசம்," என்றார். "அஞ்சு மாசமா உங்கட மேசையிலை இருந்திருக்கிறார்."

"பின்பக்கம் ஒட்டிப் போச்சுங்க. நான்தான் கவனிக்கலை."

"இண்டைக்கோ கண்டனீங்கள்?"

"ஆமாங்க."

அவர் தலையாட்டினார். "நீங்கள் எண்டபடியால்தான் கண்டுபிடிச்சியள்," என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை அந்த முகாமுக்குப் பஸ் ஏறினார். தையல் மெஷினை மட்டும் வீட்டுக்காரம்மாவிடம் விட்டுப் போனார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. "அவர் இருக்கிறார். நல்லா மெலிஞ்சு போனார். இஞ்சை வந்த நாளிலையிருந்து என்னை விசாரிச்சுக்கொண்டுதான் இருந்தவராம்." வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த ஆண்டுத் தணிக்கையில் எங்கள் தலைவர், பட்டாளத்தில் இருந்தவர், தெற்குக் கோப்பைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, மந்திரி என்ன ஆனார்? இங்க வெறும் தாள்தானே இருக்கு?"

"ஒட்டினதைப் பிரிச்சு எடுத்தேன் சார். பின்னாடி ஒரு செய்தி இருந்தது. மந்திரி செய்திக்குப் பிரதி தனியா வெச்சிருக்கேன்."

"ஒரிஜினல் யார்கிட்ட? ரெஜிஸ்டர்ல 'பெற்றவர்'னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதை நிரப்புய்யா. எழுபது வயசுல நான் உனக்கு இதைச் சொல்லணுமா?"

நிரப்பினேன். பெற்றவர் பெயர், தேதி. எங்கள் ரெஜிஸ்டரில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு: கேட்கப்பட்ட நாள், கொடுக்கப்பட்ட நாள். கொடுக்கப்பட்ட நாள் என்பதில் வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டேன். கண்டெடுத்த நாளுக்கென்று கட்டம் ஏதும் கிடையாது. குறிப்பு என்ற இடத்தில் செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதி, கீழே என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். தலைவர் அதைப் பார்த்தார். கணக்கு வராத இடத்தில் அவர் வழக்கமாகப் போடும் சிவப்புக் கோட்டைப் போடவில்லை. ரெஜிஸ்டரை மூடி என்னிடம் தள்ளினார்.

அன்றும் ஆறேகாலுக்குத்தான் வீடு வந்தேன். கீழறையில் புதிதாகக் குடிவந்தவர்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது.