மொட்டை ஏறிய படகு

முதல் மூடி கடலுக்கு. இரண்டாவது மூடி எஞ்சினுக்கு. மூன்றாவதை மிட்சுயோ தன் புறங்கையில் ஊற்றி நக்கிக்கொள்வாள். படகோட்டுகிறவர்கள் குடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, நக்குவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்பது அவள் கட்சி. அரிசிச் சாராயத்தை இப்படிப் பங்கு வைத்த பிறகுதான் அவள் படகு ஒகிஹமா துறையை விட்டு நகரும். திங்கட்கிழமைதோறும் இதே கதை. ஊரிலுள்ள முடிதிருத்தகங்களுக்கெல்லாம் அன்று விடுமுறை.

அவளுடைய கடை மேட்டுத் தெருவில் இருக்கிறது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. யாருடைய முகமும் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை, பிடரி நிற்கும். ஊர்த் தலைவரைப் பற்றிக்கூட, "அந்த ரெட்டைச் சுழிக்காரன் இந்தப் பக்கம் வந்தானா?" என்றுதான் விசாரிப்பாள்.

மீனும் அவளுக்கு வாடிக்கையாளர்தான். தூண்டிலில் மாட்டிய மீன் துள்ளினால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளை அதட்டுவதுபோல, "தலைய ஆட்டாத, ஆட்டாதங்கிறேன்ல! காது போயிடும்!" என்பாள். காது இல்லாத பிராணி என்று யாரும் அவளிடம் எடுத்துச் சொன்னதில்லை. கையில் கத்தியோடு இருக்கிற பெண்பிள்ளையிடம் எதற்கு வம்பு?

படகில் சில விதிகள் உண்டு. பிளம் ஊறுகாய் வைத்த சோற்றுருண்டை ஏறக் கூடாது. "இன்னிக்குக் கிடைக்குமா?" என்று யாரும் கேட்கக் கூடாது. இதையெல்லாம்கூட ஏதோ ஒரு நல்ல நாளில் மன்னித்துவிடுவாள். மொட்டைத் தலை மட்டும் ஏறவே கூடாது. அந்தத் துறையில் வெறும் வாளியோடு கரை திரும்புவதற்கே 'மொட்டை' என்றுதான் பெயர். மொட்டையை ஏற்றிக்கொண்டு போனவன் மொட்டையாகத்தான் வருவான் என்பதில் அவளுக்கு அணுவளவும் ஐயமில்லை. வாரம் முழுக்கத் தலைகளை மழித்துத் தள்ளுகிறவள்தான். ஆனால் அது தொழில், இது கடல்.

சென்ற மாதம் அவள் தங்கை மகள் சிஹோ, கியோத்தோவிலிருந்து கணவனோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கினாள். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கு, திங்கட்கிழமை சாயங்காலம். அதற்குத் தலையும் வாலும் கெடாத முழுச் சிவப்பு மீன் ஒன்று தட்டில் இருந்தாக வேண்டும்; நம் சங்கராவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கடையில வாங்குன மீனு எம் பேத்தி வாயில படக் கூடாது. நான் புடிச்சுட்டு வர்றேன்," என்று மிட்சுயோ போனிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள். கடை என்றால் தொக்குஜியின் மீன்கடை. அவன் அன்றிலிருந்தே ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிஹோவின் கணவர் ரியோஷின் ஒரு பௌத்தக் கோயில் குரு. சடங்குக்காக ஞாயிறு மாலை அவர் தலையை மிட்சுயோவே மழித்தாள். சூடான துண்டு போட்டு, எதிர்வாட்டில் இன்னொரு முறை மழித்து, "ஈ உக்காந்தா வழுக்கி விழணும் மாப்ளே, அதான் என் கைவேலை!" என்று கண்ணாடியில் காட்டினாள். அப்போதுதான் சிஹோ வாயைத் திறந்தாள்.

"பெரியம்மா, நாளைக்கு இவரையும் படகுல கூட்டிட்டுப் போங்க. குழந்தையோட அப்பா இல்லியா, கூட இருந்தா நல்லாருக்கும்."

மிட்சுயோ கத்தியைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். ஒட்ட வைக்க வழியில்லை.

"மாப்ளைக்கு உயிர்க்கொலை ஆகாதேம்மா."

"நான் புடிக்க மாட்டேன் பெரியத்தை," என்றார் ரியோஷின் பணிவாக. "வலைய மட்டும் ஏந்திக்கிறேன்."

மறுநாள் விடியலில் படகேறிய குருவின் தலையில், கடையின் பயிற்சிப் பொம்மை அணிந்திருந்த டோப்பா இருந்தது. தோள்வரை தொங்கும் செம்பட்டைச் சுருள். வேறு டோப்பா கடையில் இல்லை. துறையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தொக்குஜி எழுந்து நின்று கும்பிட்டான்.

"அக்கா, இந்த அம்மா யாரு, புதுசா இருக்காங்க?"

"வாய மூடுடா."

"அட, நம்ம சாமி! ஒரே ராத்திரில என்னமா வளந்திருக்கு! அக்கா, ஒரு சிவப்பு மீன எடுத்து வெச்சிருக்கேன். ஐஸ்ல தூங்குது. வந்து எழுப்பிக்கோங்க."

"உனக்கு அடுத்த வாரம் முடி வெட்டணும்ல? வா, பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினாள் மிட்சுயோ.

பாறைத் திட்டுக்கு அருகில் நங்கூரம் போட்டார்கள். தூண்டிலில் புழுவைக் கோக்கும் ஒவ்வொரு முறையும் ரியோஷின் கண்மூடி ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன மாப்ளே பண்றீங்க?"

"புழு நல்ல கதிக்குப் போகணும்னு..."

"ஒவ்வொரு புழுவுக்கும் கருமாதி பண்ணிட்டிருந்தா நாம எப்ப வீட்டுக்குப் போறது? மொத்தமாப் பண்ணிடுங்க, டப்பாவோட!"

மொத்தமாகப் பண்ணினார். மீன் வரவில்லை. வெயில் ஏறியது, இடம் மாற்றினார்கள், அங்கும் வரவில்லை. பிறகு காற்று வந்தது. டோப்பா ஒரு முறை எழுந்து, யோசித்து, கடலில் போய் இறங்கியது. ஒரு கடற்காகம் அதன் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கூடு கட்ட லாயக்கில்லை என்று பறந்தது. மிட்சுயோ கைவேலை செய்த தலையோ உச்சி வெயிலில் கலங்கரை விளக்காக மின்னியது.

"ஐயோ! மூடுங்க மாப்ளே, மூடுங்க!"

மூட என்ன இருக்கிறது? மீன் போடும் வாளி காலியாகத்தான் கிடந்தது. அதை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள். வாளிக்குள்ளிருந்து, "சரிங்க பெரியத்தை," என்று கிணற்றுக் குரல் வந்தது.

சற்றுநேரம் கழித்து, மூக்கு அரித்ததால் ரியோஷின் வாளியைத் தூக்கினார். தூண்டில் நுனி டக்கென்று ஆடியது. அவர் மரியாதையாக வாளியை மறுபடி போட்டுக்கொண்டார். நுனி அடங்கியது. மிட்சுயோ நுனியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். அவர் தும்முவதற்காக மீண்டும் தூக்கினார். டக், டக். போட்டார். அமைதி.

மிட்சுயோ தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மாப்ளே... உள்ள வேர்க்குதா?"

"இல்லீங்க பெரியத்தை. குளுகுளுன்னு இருக்கு."

"வேர்க்கும். எடுத்துடுங்க."

"பரவால்லீங்க, எனக்கு ஒண்ணும்..."

"எடுங்கங்கிறேன்ல!"

வாளி இறங்கியது. தூண்டில் வில்லாக வளைந்தது. அடியில் இருந்தது தலையை மூன்று முறை உதறியது. சிவப்பு மீன் மட்டும்தான் அப்படி உதறும். "தலைய ஆட்டாத! காது போயிடும்!" என்று கத்தியபடி மிட்சுயோ நூலைச் சுற்றினாள். நீருக்கடியில் செக்கச்செவேலென்று ஒன்று புரண்டது. வலையை நீட்டிய ரியோஷின் மந்திரம் சொல்லிக்கொண்டே கண்ணை இறுக மூடியிருந்ததால் வலை, மீன் இல்லாத பக்கமாகப் போயிற்று.

"கண்ணத் தொறந்துட்டு மந்திரம் சொல்லுங்க மாப்ளே!"

திறந்தார். மீன் வலைக்குள் வந்தது. அந்த மீனின் முன்னே மண்டியிட்டு, தலை பலகையில் முட்டும் அளவுக்கு அவர் வணங்கினார். அந்தத் தலைக்கு நேரே மிட்சுயோவும் லேசாகக் குனிந்ததுபோல் இருந்தது. கேட்டால், கொக்கியைக் கழற்றத்தான் குனிந்தேன் என்பாள்.

துறையில் தொக்குஜி மீனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அவன் கடைச் சரக்கில்லை.

"மொட்டைய ஏத்திட்டுப் போயுமா அக்கா?"

"டோப்பா போட்டிருந்தாருல்ல."

"இப்பக் காணோமே?"

"கடலுக்குக் காணிக்கை. போய் உன் மீன எழுப்பி விடு, மணியாச்சு."

மாலையில் உப்புத் தடவிச் சுட்ட மீன், வால் தூக்கியபடி சிவப்புத் தட்டில் வந்து உட்கார்ந்தது. வீட்டுப் பெண்களில் மூத்தவள் என்பதால் குழந்தை மிட்சுயோவின் மடியில். குச்சியால் மீனைத் தொட்டு, பல் உறுதியாக முளைக்கட்டும் என்று தட்டில் வைத்திருந்த கூழாங்கல்லைத் தொட்டு, பிறகு குழந்தையின் உதட்டைத் தொட்டாள். குழந்தை சப்புக்கொட்டியது.

"எப்படி பெரியம்மா புடிச்சீங்க?" என்றாள் சிஹோ.

"புழு நல்ல புழு."

எல்லோரும் மீனைப் படம் எடுக்கக் குனிந்தார்கள். மடியிலிருந்த தலையில் இன்னும் முடி முளைத்திருக்கவில்லை. மிட்சுயோ உள்ளங்கையால் அதை ஒரு முறை மெல்லத் தடவினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் நீட்டி, சுவரில் சாய்ந்திருந்த தூண்டில் கழியின் பிடியில் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.