வீரம்மாக்காவுக்கு நான் வைத்த டிப்ஸ் டின்

கண்டியில் நான் வேலை செய்யும் போன் கடை மேல்மாடியில் இருக்கிறது. கீழே இறங்கி ரோட்டைக் கடந்தால் ஹுஸைன் நானாவின் சாப்பாட்டுக் கடை. பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே போய் ஏழு சோற்றுப் பார்சல் வாங்கி வருவது என் உத்தியோகம். ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு இரண்டு தரம் விழுந்தவனுக்கு ஏழு வரை எண்ணத் தெரிந்தால் போதும் என்று எங்கள் முதலாளி முடிவு செய்திருந்தார்.

அந்தக் கடை வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்சல் கட்டுகிறவர்தான் வீரம்மாக்கா. ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். ஆறு வருஷம் குசினிக்குப் பின்னால் பீங்கான் கழுவிவிட்டு, போன வருஷம்தான் முன்னுக்கு வந்தார்.

"பின்னால செவுரு மட்டுந்தான் தம்பி. இங்க நின்னா ரோடு தெரியுது. மழை பேஞ்சா மழை தெரியுது" என்பார்.

காய்ச்சல் அடித்தாலும் லீவு எடுக்கமாட்டார். ஒரு நாள் வராவிட்டால் வேறு யாராவது அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள், தான் திரும்பவும் பீங்கானுக்குப் போகவேண்டும் என்று பயம்.

வேலையில் புலி. யாருக்குப் பருப்பு வேண்டாம், யாருக்கு மீன் வால் துண்டு வேண்டும், யாருக்குக் குழம்பைத் தனிப் பையில் கட்டவேண்டும், எல்லாம் தலைக்குள் இருக்கும். அவருக்கு ஒரே எதிரி சோறு சுற்றும் லன்ச் ஷீட். கண்டி ஈரத்துக்கு அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. தண்ணீர்ச் சிரட்டையில் விரலை நனைத்து நனைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். என் ஏழு பார்சலுக்கும் ஏழு அப்பளம் போக, கேட்காமலே இன்னொன்றும் வைப்பார். எட்டாவது அப்பளம். அது எனக்கு.

எனக்கு எரிச்சல் எங்கே வந்ததென்றால், கடைக்கு உள்ளே. அங்கே வெயிட்டர் ராஜலிங்கண்ணன் ஒரு பீங்கானைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடப்பார். மிச்சக் காசை இருபதும் ஐம்பதுமாக மாற்றிச் சின்னத் தட்டில் பரப்பிக் கொண்டுவந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாப்பிட்டவருக்கு வெட்கமாகி ஐம்பதை விட்டுவிட்டுப் போவார். வெளியே வீரம்மாக்கா நூற்றைம்பது பார்சல் கட்டுவார். டிப்ஸ் என்று ஒரு சதம் கிடையாது.

வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் நிற்பவர் தியாகராஜா சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பேங்கில் ஏதோ பெரிய கதிரையில் உட்காருகிறவர். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"சேர், உள்ள சாப்பிட்டா டிப்ஸ் வைப்பீங்க தானே? பார்சலுக்கு ஏன் வைக்கிறதில்ல?"

"தம்பி, நான் நடந்து வாறன், வெயிலுக்க நிக்கிறன், நானே காவிக்கொண்டு போறன். நியாயமாப் பாத்தா அவையள்தான் எனக்கு டிப்ஸ் தரவேணும்."

வரிசையே சிரித்தது. வீரம்மாக்காவும் சிரித்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஒரு பால்மா டின்னின் மூடியில் பிளேடால் வாய் கிழித்தேன். போன் கடை ஸ்டிக்கர் ஒன்றில் எழுதி ஒட்டினேன்: 'பார்சல் கட்டும் கைக்கு டிப்ஸ். போடாதவர்களின் அப்பளம் உடையும்.' அக்கா சோறு எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, எழுத்து வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்படி கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டேன்.

அங்கே ஏற்கனவே பள்ளிவாசல்காரர்கள் அநாதைப் பிள்ளைகளுக்காக வைத்த டின் ஒன்று இருந்தது. இதுவும் அந்த மாதிரி ஒன்று, ஹுஸைன் நானாதான் வைத்திருக்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். இதை நான் யோசிக்கவே இல்லை. ஆட்கள் ஸ்டிக்கரைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள், சிலர் போட்டார்கள். அக்கா ஒவ்வொருத்தரிடமும், "போடுங்க ஐயா, நல்ல காரியம்" என்றார். என்ன துணிச்சல் இந்தப் பொம்பளைக்கு என்று ஆட்கள் திகைத்துப்போய் இன்னும் இருபது போட்டார்கள். என்னால் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

அப்போது அக்கா இடுப்பில் சொருகியிருந்த பர்ஸை எடுத்து, பஸ் காசுக்கு மடித்து வைத்திருந்த நோட்டுகளில் ஒரு இருபதை உருவி, தன்னுடைய டின்னிலேயே போட்டார். போட்டுவிட்டு டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டாவது அப்பளத்தை அன்றைக்குக் கடிக்காமலே வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் போகும்போது வரிசை நகராமல் நின்றது. தியாகராஜா சேர் வாங்கிப் போன பார்சலைப் பிரித்துக்கொண்டு திரும்பி வந்து ஹுஸைன் நானாவுக்கு முன்னால் நின்றார். முதல் நாள் அவர் டின்னில் எதுவும் போடவில்லை. அவருடைய அப்பளம் இரண்டு நாளும் உடைந்திருந்தது. பேக்கில் வைத்து நசுக்கினால் உடையாமல் என்ன செய்யும்?

"இஞ்ச பாருங்கோ. காசு தராட்டி உடைப்பினமாம். எழுதியே வைச்சிருக்கினம்."

நானா டின்னைத் திருப்பி வீரம்மாக்காவுக்குக் காட்டினார். "என்னா வீரம்மா இது? நம்மட கடை வாசல்ல நின்டு பிச்சை எடுக்கிறீங்களா?"

அக்கா வாய்க்குள்ளேயே படித்தார். படித்து முடித்ததும் முகம் பழைய சட்டித்துணி மாதிரி ஆகிவிட்டது.

"நான் வைக்கல நானா. நீங்க வச்சதுன்னு நானுந்தான் இருவது ரூவா போட்டேன்."

"தன்ட டின்னுக்குத் தானே காசு போடுவாங்களா? நாளைலருந்து பின்னால போங்க. பீங்கான் கழுவ ஆள் இல்லாமத்தான் இருக்கு."

அக்கா ரோட்டைத்தான் பார்த்தார்.

"நான்தான் வச்சேன் நானா" என்றேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. "அக்காவுக்குத் தெரியாது. ஸ்டிக்கரப் பாருங்க, ஓரத்துல எங்க கடை நம்பர் இருக்கு."

நானா பார்த்தார். என்னையும் பார்த்தார். திட்டு விழுந்தது, அதை எழுத இந்தத் தாள் தாங்காது. நானும் விடவில்லை. "உள்ள ராஜலிங்கண்ணன் வாங்கினா டிப்ஸ், வெளிய அக்கா வாங்கினா பிச்சையா?"

"உள்ள உக்காந்து தின்றவங்க குடுக்கிறாங்க. பார்சல்காரங்க கதிரையும் வேணாம், தண்ணியும் வேணாம்ன்டு போறாங்க. அவங்கள்ட்ட என்னத்துக்குக் கேக்க? நீ ஒன்ட வேலையப் பாருடா."

ஆனாலும் அக்காவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அக்கா டின்னைத் திறந்தார். இருந்த காசு முழுவதையும், தன் இருபதையும்கூட எடுக்காமல், பக்கத்து அநாதைப் பிள்ளைகள் டின்னுக்குள் ஒவ்வொரு நோட்டாகத் தள்ளினார். வெறும் டின்னை என் கையில் தந்தார்.

"நான் கேட்டேனா ஒன்கிட்ட? ஆறு வருசம்டா."

அதன் பிறகு எனக்கு ஏழு பார்சல், ஏழு அப்பளம். ஒரு நாள் மிச்சக் காசில் ஐம்பதைக் கண்ணாடிப் பெட்டிமேலேயே விட்டுவிட்டு நடந்தேன். "ஏய் போன் கடத் தம்பி, காசு விட்டுட்டுப் போற!" என்று ரோட்டுக்கே கேட்கக் கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன். உள்ளே ராஜலிங்கண்ணன் அன்றைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. ஒரு பகல் நல்ல மழை. வரிசை ரோடு வரைக்கும் வந்துவிட்டது. லன்ச் ஷீட் பிரியவே இல்லை. அக்காவின் விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. நான் கேட்காமல் கையை நீட்டித் தாள்கட்டிலிருந்து ஒரு பாதியை இழுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினேன். அக்கா தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. நான் அடுக்கியதில் மேல் தாளை எடுத்துச் சோறு போட்டார். அடுத்ததையும் எடுத்தார்.

"பாத்தீரோ?" என்றார் முன்னால் நின்ற தியாகராஜா சேர். "இப்ப வாங்க வாற நாங்களே வேலையும் செய்யவேண்டிக் கிடக்கு."

அக்கா மீதிக் கட்டை எடுத்து அவருக்கு முன்னால் தள்ளினார். "சும்மாதானே நிக்கிறீங்க சேர், நீங்களும் பிரிங்க."

சேர் நான்கு தாள் பிரித்தார், இரண்டைக் கிழித்தார். இப்போது தினமும் நான்தான் பிரிக்கிறேன். எட்டாவது அப்பளம் இன்னும் வரவில்லை.