பலகையைப் பிடித்தால் வட்டம்தான்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு சரி. நடந்ததில் பாதி மறந்தும் விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முழங்கால் வலிக்கு மாத்திரை போதாது, தண்ணீரில் இறங்குங்கள் என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரியும் நானும் நீச்சல் குளத்துப் பெண்கள் வகுப்பில் சேர்ந்தோம். சொல்லிக்கொடுப்பது திருநெல்வேலிப் பக்கத்துச் சின்னப் பெண். முதல் நாளே ஆளுக்கொரு மிதக்கும் பலகையைக் கொடுத்தாள். கிக்போர்டாம். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் அடித்துக் குளத்தின் அகலத்தைக் கடக்க வேண்டும். கடந்தால்தான் கை வீசச் சொல்லித்தருவாள். மாதக் கடைசிக்குள் கடக்காதவர்கள் குழந்தைகள் குளத்துக்குப் போக வேண்டும்.

அங்கே தண்ணீர் முட்டியளவு. இடுப்பில் வாத்து வளையம் மாட்டிய பொடிசுகள். அவர்களின் அம்மாக்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குச் சோறே இறங்காது. அதற்கு முழங்கால் வலியே மேல்.

பக்கத்து வீட்டுக்காரி மூன்றாம் நாளே அக்கரை சேர்ந்தாள். தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவள். பலகை இல்லையென்றால் இறங்கியே இருக்க மாட்டாள். நானும் மாங்கு மாங்கென்று அடித்தேன். வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தேன்.

"ஏனுங்க்கா, கோயிலச் சுத்தறீங்களா?" என்றாள் அவள்.

"சுத்தறேன், சாமியத்தான் காணோம் அம்மிணி," என்றேன்.

சொல்லிக்கொடுக்கிற பெண் தண்ணீருக்குள் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தாள். "வலது காலு மட்டும்தான் அடிக்கீங்கம்மா. இடது காலு சும்மா கெடக்கு."

அது சும்மா கிடக்காமல் என்ன செய்யும்? முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் தைத்தவள் நான். மிஷினை ஓட்டியதெல்லாம் வலது கால். அது தண்ணீரிலும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.

கடைசி நாளும் வந்தது. பாதி தூரத்தில் பலகை திரும்ப ஆரம்பித்தது. வாத்து வளையம் கண்ணில் தெரிந்தது. வந்த கோபத்தில் பலகையை விட்டுவிட்டேன். கைகள் இரண்டும் சேர்ந்தே துணி தள்ளிப் பழகியவை. தண்ணீரையும் அப்படியே தள்ளின. குளத்தில் கொஞ்சத்தைக் குடித்து, அக்கரைக் கம்பியைப் பிடித்தேன்.

"போர்டு எங்கம்மா?"

"நடுவுல நிக்குது கண்ணு. அதுக்கு இன்னும் நீச்சல் வரலயாட்ட இருக்குது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய குளத்திலேயே இருங்கள் என்றாள். ஆனால் தினமும் பலகையைப் பிடித்து இடது காலை மட்டும் பத்து நிமிஷம் அடிக்கச் சொன்னாள். அடிக்கிறேன். இப்போது அந்தக் காலும் கொஞ்சம் உழைக்கிறது. மற்றபடி பலகை, முழங்கையை ஊன்றிக்கொண்டு ஊர்வம்பு பேச நல்ல வசதி.

குளத்தின் அகலம் பன்னிரண்டு மீட்டர் என்று எனக்கு நினைவு. பக்கத்து வீட்டுக்காரி பத்துதான் என்கிறாள். யாராவது டேப் வைத்து அளந்து பார்த்துத் திருத்திவிடுங்கள். குறைவாக இருந்தால் அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.