ஏரியில் வளைந்து போனவன்

என் தம்பி மதுரைவீரன் வென்றவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். 1975இல் குன்னத்தில் வழுக்கு மரம். அப்போது அவனுக்குப் பதினாறு வயது, இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தான். 1981இல் அமிர்தவல்லி. கிணறு வெட்டுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய அவளுடைய அப்பா, மூன்றாம் முறை சரி என்றார். 1983 ஆடியில் தன் உயிர். முப்பது அடி ஆழத்தில் மண் சரிந்து மார்பு வரை புதைந்தவனை இரண்டு மணி நேரம் தோண்டி எடுத்தோம். 1984 ஜனவரி 26, வியாழக்கிழமை, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயத்தில் பத்தொன்பது பேரில் முதலிடம்.

கடைசியாகச் சொன்னதைத்தான் விவரமாக எழுதப்போகிறேன். அந்தப் பந்தயத்தில் நானும் ஓடினேன். ஆறாவதாக வந்தேன்.

எங்கள் வீட்டில் ஓடுகிறவன் நான்தான். பள்ளியில் ஓடி வாங்கிய இரண்டு சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். அப்பா இறந்தபோது எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு வயது. அவன் ஆடு மேய்க்கப் போனான். நான் எட்டாவது வரை படித்தேன். ஆகவே சான்றிதழ் வாங்க அவனுக்கு வாய்ப்பே இருந்ததில்லை. அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

மண் சரிந்த அதே 1983 மார்கழியில் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தார் பந்தயத்தை அறிவித்தார்கள். எங்கள் ஊர் ஏரியைக் குறுக்கே நீந்த வேண்டும். கரையேறி சைக்கிளில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு போய், திரும்பி, அரியலூர் வரை மிதிக்க வேண்டும். மைல் கல் எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி கோயில் வரை ஓடிப் போய் அரியலூருக்கே ஓடி வர வேண்டும். முதல் பரிசு ஒரு புது சைக்கிள். எங்கள் தெருவிலிருந்து பெயர் கொடுத்தது நாங்கள் இருவர் மட்டுமே.

"உனக்கு எதுக்குடா இது?" என்று கேட்டேன்.

"சைக்கிளு வேணும்ணே. இனிமே கெணத்துல எறங்குனா பொறந்த வூட்டுக்குப் போயிடுவேங்கிறா அமிர்தவல்லி. சைக்கிளு இருந்தா வெங்காயத்தக் கட்டிக்கிட்டு ஊரு ஊரா வித்துப் பொழச்சுக்குவேன்."

என்னிடம் ஏற்கெனவே சைக்கிள் இருந்தது. எனக்கு வேண்டியது முதலிடம்.

எங்கள் ஊர் ஏரி வருஷத்தில் இரண்டு மாதம் நிறைந்திருந்தால் அதிகம். நீச்சல் பழகுவது கிணற்றில்தான். கிணற்றில் நேராக எவ்வளவு தூரம் போக முடியும்? சுவரை ஒட்டி வட்டம் போட வேண்டும். தம்பி சின்ன வயதிலிருந்து இடப்பக்கமாகவே வட்டம் போடுவான். கிணற்றில் விழுந்த குடத்தையும் வாளியையும் முங்கி எடுத்துத் தருபவன் அவன்தான். அந்த வேகம் எனக்கு வராது.

பொங்கலுக்கு மறுநாள் அவன் ஏரியில் பழகுவதைக் கரையில் நின்று பார்த்தேன். எதிர்க்கரைக்கு என்று கிளம்பியவன் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் வளைந்து, மதகுப் பக்கம் போய் ஏறினான். தலையைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துவதால் அவனுக்கு அது தெரியவில்லை.

"ஏரி ரொம்ப அகலமா இருக்குண்ணே," என்றான் மூச்சு வாங்க.

"ஆமா," என்றேன்.

நான் எதிர்க்கரைப் பனைமரம் ஒன்றைக் குறி வைத்து, பத்து கைவீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்துப் பழகினேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. ஒன்பது நாள் இருந்தது, ஒன்பது நாளும் சொல்லவில்லை.

பந்தயத்தன்று காலை ஆறரை மணிக்கு விசில் ஊதினார்கள். முதல் நூறு கைவீச்சு வரை தம்பிதான் முன்னால் போனான். பிறகு வளைந்தான். கரையில் இருந்தவர்கள் சிரித்தது எனக்குத் தண்ணீருக்குள்ளேயே கேட்டது.

"ஏய், மதுரவீரன் எங்கடா போறான்?"

"குடம் தேடப் போறான்டா!"

நான் மூன்றாவதாகக் கரையேறினேன். அவன் பத்தொன்பதாவதாக ஏறினான், எனக்குப் பதினொரு நிமிஷம் பின்னால். சந்தோஷமாக மிதித்தேன். அவனிடம் இருந்தது வாடகை சைக்கிள், பின்னால் கனத்த கேரியர் வேறு.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திரும்பி வரும்போது எதிரே வந்தான். எனக்குப் பின்னால் எத்தனை பேர் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பின்னால் ஒன்பது பேர் வந்தார்கள். குன்னம் தாண்டியதும் கேரியர் கடகடக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே, தண்ணி குடிச்சியா?"

"போடா முன்னால."

போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அரியலூர் வரை மிதித்தேன். எவனோ ஒருவன் முந்தியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. கல்லங்குறிச்சி ரோட்டில் எனக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. நான் நொண்டிக்கொண்டு கோயிலுக்குப் போகையில் அவன் கோயிலைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். வெறுங்கால், கண் ரோட்டின் மேல். எனக்கு முன்னால் அவனோடு சேர்த்து ஐந்து பேர், அவனுக்கு முன்னால் யாருமே இல்லை.

அரியலூரில் பரிசு கொடுக்கும் மேஜையில் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. வந்த வரிசைப்படி பெயர் எழுதி, எதிரில் கையெழுத்து வாங்கினார்கள். முதல் பரிசு கடைசியில் என்பதால், இரண்டாவது முதல் ஆறாவது வரை போட்டாகிவிட்டது. தம்பிக்கு மட்டும் மைப் பெட்டியைத் தள்ளினார் மன்றச் செயலாளர் கொளஞ்சி.

தம்பி நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "எல்லாரும் எழுதியிருக்காங்களே சார்."

"எழுதத் தெரிஞ்சவங்க எழுதுறாங்க. நீ விரல உருட்டு."

நான் பேனாவை எடுத்தேன். "அண்ணன்தான் சார் நான். அவனுக்குப் பதிலா நான் போடறேன்."

"அதுவும் சரிதான். போடுங்க."

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்ணே. நீ போட்டா நீ ஜெயிச்சதா ஆயிடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "சைக்கிளு மன்றத்துலயே இருக்கட்டும் சார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

அமிர்தவல்லி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "வெரல வச்சுட்டு சைக்கிள ஓட்டியாராம என்ன ரோசம்? மறுபடி கெணத்துலயா எறங்கப்போற?" கிணற்றில்தான் இறங்கினான். வேறு வேலை இல்லை.

அவள் ஐந்தாவது வரை படித்தவள். திட்டிக்கொண்டே அவள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வீட்டில் எட்டாவது படித்த அண்ணன் இருக்கிறேன், என்னிடம் ஒரு நாள்கூட வரவில்லை. அந்தச் சைக்கிளை மன்றத்து ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பேன். ஹேண்டில்பாரில் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கவில்லை. யாராவது திருடிக்கொண்டு போனால் என்ன என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், அவன் கிணற்று வேலை முடிந்து வரும் வழியில் நிறுத்திச் சொன்னேன். "ஏரியில நீ வளஞ்சு வளஞ்சு போன. எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல."

கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தான்.

"அதான் ஏரி அவ்வளவு அகலமா இருந்துச்சா," என்றான். பிறகு, "சொல்லியிருக்கலாம்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மன்றத்துக்குப் போகும் அன்று என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் பின்னால் போய் வாசலில் நின்றேன். கொளஞ்சி நோட்டை விரித்தார். முதல் வரி முப்பத்தெட்டு நாளாகக் காலியாக இருந்தது. தம்பி பேனாவை உளிபோல் இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி மூச்சு விட்டு, தன் பெயரை எழுதினான். எழுத்துகள் பெரிதாகி இரண்டாவது வரிக்காரன் கையெழுத்தில் போய் இடித்தன. பக்கத்தில் தேதியை மட்டும் கொளஞ்சி எழுதினார்: 4.3.1984, ஞாயிறு.