கச்சான் கடலைக் கண்டுபிடித்தவர்

லாசர் அண்ணாச்சி இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, என் ஸ்டுடியோவில் ஒரு திருவிழாப் பாட்டுக்கு மேளச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மேளத்தை இன்னும் கொஞ்சம் குறைத்த பிறகுதான் எழுந்தேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் இசை வட்டத்து நண்பர்கள் கேட்டார்கள். நாலு வார்த்தை இருக்கிறது. நல்லதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அவர் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்த்து, கிழிந்ததையும் நனைந்ததையும் தனியாகக் குறித்துவைக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைப் பாட்டில் செய்ய ஆரம்பித்தார். டிசம்பர் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் நின்று, அந்த வருடம் வந்த இசைத்தொகுப்புகளில் தனக்குப் பிடித்த பத்தை வாசிப்பார். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஆனாலும் மண்டபம் நிறைந்துவிடும். காரணம், பத்துக்குப் பிறகு வரும் ‘சேதாரம்’. பட்டியலில் இடம்பெறாத உள்ளூர்த் தொகுப்புகளுக்கு ஆளுக்கு ஒரு வரி. அதைக் கேட்கத்தான் ஊர் கூடும். நானும் பல வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து, அடுத்தவன் அடிவாங்குவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பக்கத்துச் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்கள் ஒரு வருடம் தங்கள் பாதுகாவலர் திருவிழாவுக்கு ஒன்பது பாட்டு போட்டிருந்தார்கள். ஒன்பதுக்கும் ஒரே கீபோர்டு தாளம். சேதாரத்தில் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “சாமி கும்புடுதவனுக்குக் காது கெடையாதுன்னு நெனச்சிட்டீயளாலே?” என்றார். பாடகர் குழுவில் இருந்த வயதான ஒருவர் அழுதேவிட்டார். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். அவருக்கு இரக்கம் உண்டு என்று அடக்கத்தன்று யாரோ பேசினார்கள். எந்தப் பையில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் நானும் என் தங்கை ரோசலியும் ‘கொண்டல் கரை’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தோம். பாட்டும் குரலும் அவளுடையவை. இசையும் பதிவும் என்னுடையவை. எங்கள் ஊர் புன்னைக்காயல். ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும் கொண்டல் காற்றில், திரும்பாத படகுக்காக ஒருத்தி காத்திருப்பதுதான் நான்காவது பாட்டு. அவள் குரலுக்கு அடியில் கரையில் பதிவு செய்த அலைச் சத்தத்தை ஓடவிட்டிருந்தேன். அப்பா அப்படி ஒரு கொண்டலில்தான் போனார். ரோசலி அதை ஒரே மூச்சில் பாடி முடித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

அண்ணாச்சி பென் டிரைவ் வாங்கமாட்டார். சிடியில் போட்டு, உறையில் பாட்டு வரிசையைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்க நானே போனேன். உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். நடுவில் யார் குறுக்கிட்டாலும் முதல் பாட்டிலிருந்து திரும்பத் தொடங்குவது அவர் வழக்கம். ஐந்தாவது பாட்டில் காஸ் சிலிண்டர்காரன் வந்தான். மறுபடி முதலிலிருந்து. கடைசிப் பாட்டில் அவர் மனைவி செலின் மயினி சாப்பிடக் கூப்பிட்டார். மறுபடி முதலிலிருந்து. என் பாட்டை நானே வெறுக்கும் அளவுக்குக் கேட்டேன். முடிந்ததும், “போய்ட்டு வா. டிசம்பர்ல சொல்லுதேன்” என்றார். மூன்று தடவையும் நான்காவது பாட்டில் அவர் தலையைச் சாய்த்ததை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பரில் முதலிடம், உப்பளத்துப் பையன்கள் மூன்று பேர் செல்போனில் பதிவு செய்த ராப் தொகுப்புக்குப் போனது. இரண்டாவது, ஆற்றங்கரை ஊர்க்காரர் ஒருவரின் நாதஸ்வரம். பத்தும் முடிந்தது. சேதாரத்தில் எங்கள் பெயர் வந்தது. “கொண்டல் கரை. நாலாம் பாட்டு பொய்.” அவ்வளவுதான். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ரோசலி எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் பாடவில்லை. ஈஸ்டருக்குப் பாடவில்லை, ஊர்த் திருவிழாவுக்கும் பாடவில்லை.

மறுநாளே அவர் வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“ஏலே, கொண்டல்ல அல கரைல வந்து அறையும். நீ போட்டிருக்கது கச்சான் காத்துக் கடலு. காத்து கரைலேர்ந்து கடலுக்குப் போவுது, அல அடங்கி மொனங்குது. ஆடி மாசத்துக் கடலப் பதிஞ்சு வச்சிட்டு கார்த்திகைங்குத. ஒங்க ஊர்க்காரனுக்கே தெரியலன்னா எப்படி?”

எனக்குத் தெரியும். தொகுப்பை வெளியிட அவசரப்பட்டு ஆடியில்தான் மைக்கைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். அலைதானே, எவன் கண்டுபிடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

“அத ரோசலிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. அவ தன்னச் சொன்னதா நெனச்சிட்டிருக்கா.”

“செஞ்சவன் சொல்லட்டும்” என்றார்.

நான் சொல்லவில்லை. அண்ணாச்சி என்ன சொன்னார் என்று ரோசலி கேட்டபோது, “அந்தக் கெழவனுக்குக் காது போச்சு” என்றேன். கடல் கார்த்திகையில் எடுத்ததுதானே என்றும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மயினி கூப்பிட்டு, அவரவர் சிடியை அவரவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் உறையில், பாட்டு வரிசைக்குப் பக்கத்தில், பென்சிலால் டாலி ஷீட் மாதிரி குறித்திருந்தார். நான்காவது பாட்டுக்கு நேராக: “குரல்: சேதாரம் இல்லை. கடல்: கச்சான்.”

மயினி வீட்டு வாசலில் நின்று அந்த மனிதரை மனதாரத் திட்டினேன். மண்டபத்தில் நூறு பேருக்கு முன்னால் வாசித்தது பாதி வரிதான். மீதிப் பாதி ஒரு வருடமாக அவருடைய பெட்டியில் கிடந்தது. அதையும் சேர்த்து வாசித்திருந்தால் ஒரு பெண் வாய்மூடிக் கிடந்திருக்கமாட்டாள். மூட்டையைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு, மூட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்பது கடைசிவரை தெரியவே இல்லை. செத்தவரிடம் இதை எப்படிக் கேட்பது?

உறையை ரோசலியிடம் கொடுத்தேன். பென்சில் வரியில் விரலை வைத்துப் படித்தாள்.

“இது எந்த மாசத்துக் கடல்ண்ணே?”

“ஆடி.”

“அவரு அரக்கொறயாச் சொன்னாரு. நீ எல்லாந் தெரிஞ்சும் பாத்துட்டே இருந்திருக்க” என்றாள். பிறகு, “அவரோட முப்பதாம் நாள் பூசைல நாலாம் பாட்டப் பாடப்போறேன். கடலும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். நீ மைக்கத் தூக்கிட்டு வராத” என்றாள்.

உறையை அவளே வைத்துக்கொண்டாள். என்னிடம் மிச்சமிருப்பது உள்ளே இருந்த சிடி. ஆடி மாதத்துக் கடல், அவள் குரலுக்கு அடியில் அடங்கி முனகிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் கேட்காத காதுக்கு இப்போது அது மட்டும்தான் கேட்கிறது. அந்தக் காதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதற்காக லாசர் அண்ணாச்சியை நான் மன்னிப்பதாக இல்லை.